பழைய வீட்டுக் கணினியில் பொயிங்க்: திருகோணமலை வெக்கையிலும் வேகம் குறையாமல் ஓட்டும் முழுமையான வழிகாட்டி

பிள்ளைகளின் படிப்புக்கென்று பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய கணினி திருகோணமலையில் பல வீடுகளில் இன்னும் மேசையில் துணி போர்த்தியபடி இருக்கிறது. உள்ளே இருப்பது கோர் ஐ3, ஐ5 இரண்டாம் மூன்றாம் தலைமுறைப் புரொசசர், சில வீடுகளில் அதற்கும் முந்திய கோர் 2 டுவோ. இவற்றை ஆராய்ச்சிக் கணக்குகளுக்குக் கொடுக்க இன்றும் முடியும். ஆனால் அதற்கான பொயிங்க் (BOINC) மென்பொருளைப் போட்டுவிட்டு அப்படியே விட்டால் பாதி மின்சாரம் வீணாகும், வரும் வேலைகள் கெடு தாண்டும், பெட்டியும் சூடேறித் திணறும். அதைத் தவிர்ப்பதற்கான வழி இது.

முதலில் அடிப்படை. 1999 மே 17இல் பெர்க்லியில் இருக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், வேற்றுலக உயிர்களின் சமிக்ஞையைத் தேடும் சேட்டி அட் ஹோம் திட்டத்தைத் தொடங்கியது. வானொலித் தொலைநோக்கியின் தரவைத் துண்டு துண்டாக்கி உலகெங்கும் வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பி, கணக்கை முடித்துத் திரும்ப வாங்கியது. அந்தத் திட்டம் புதிய வேலை அனுப்புவதை 2020 மார்ச் 31இல் நிறுத்தியது. அதிலிருந்து பிறந்த பொதுவான மென்பொருள்தான் பொயிங்க். இதன்மேல் ஐன்ஸ்டைன் அட் ஹோம், ரோசெட்டா அட் ஹோம், எல்எச்சி அட் ஹோம், வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் போன்ற திட்டங்கள் ஓடுகின்றன. 2010இல் ஐன்ஸ்டைன் அட் ஹோம் அறிவித்த புதிய துடிப்பு விண்மீன் (பல்சர்) ஒன்று, தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகளில் ஓடிய கணக்கிலேதான் பிடிபட்டது. ஆகவே ஒரு பழைய பெட்டி முடித்து அனுப்பும் துண்டுக்கும் பெறுமதி உண்டு.

இங்கே வேகம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலே தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு வேலை எத்தனை மணித்தியாலத்தில் முடிகிறது என்பது மட்டும் வேகமல்ல. செலவழித்த ஓர் அலகு மின்சாரத்துக்கு, பிழையில்லாமல், கெடுவுக்குள் திருப்பி அனுப்பிய வேலைகள் எத்தனை என்பதுதான் கணக்கு. பல திட்டங்கள் ஒரே துண்டை இரண்டு பேருடைய கணினிக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடும். ஒத்துவராத விடை தள்ளுபடி. கெடு தாண்டிய துண்டு வேறொருவருக்குப் போய்விடும். பழைய புரொசசரை ஓவர்கிளாக் செய்து, அதாவது அதற்கென்று வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டி, பத்து வீதம் வேகமாக்கி, அதில் ஐந்தில் ஒரு விடை பிழையாகப் போனால் அது நட்டம். அதனால் இந்த வழிகாட்டியில் ஓவர்கிளாக் இல்லை.

முதல் வேலை: இப்போது என்ன நிலை என்று அளப்பது

எதையும் மாற்றமுன் இரண்டு நாள் ஓடவிட்டு அளவுகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். முடித்த வேலைகளுக்குத் திட்டம் புள்ளி கொடுக்கும்; திட்டப் பக்கத்தில் காட்டும் அந்தச் சராசரிப் புள்ளியை நம்பி ஒரு மாற்றம் நல்லதா கெட்டதா என்று முடிவெடுக்க வேண்டாம். அந்தச் சராசரி மெல்ல நகர்வது, வேலையை முழுதாக நிறுத்தினாலும் ஒரு வாரத்தில் பாதிதான் இறங்கும். நீங்கள் செய்த மாற்றம் அதில் தெரிய வாரக்கணக்காகும். வேலை முடிக்கும் நேரத்தைப் பாருங்கள், உடனே தெரியும்.

பொயிங்க் மேனேஜரைத் திறந்து வியூ மெனுவில் அட்வான்ஸ்ட் வியூவுக்கு மாறுங்கள். டாஸ்க்ஸ் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலையைத் தெரிந்து இடப்பக்கமுள்ள புரொப்பர்ட்டீஸ் பொத்தானை அழுத்துங்கள். அதில் இரண்டு வரிகள்தான் நமக்கு வேண்டும். ஒன்று இலாப்ஸ்ட் டைம், அதாவது கடிகாரப்படி கழிந்த நேரம். மற்றது சிபியு டைம், அதாவது புரொசசர் உண்மையில் கணக்குச் செய்த நேரம். கடிகாரம் 9 மணி 40 நிமிடம் என்று காட்ட, சிபியு டைம் 6 மணி 5 நிமிடம் என்று இருந்தால், மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல் வேலை நின்றபடி பெட்டி மட்டும் மின்சாரம் தின்றிருக்கிறது. ஆரோக்கியமான பெட்டியில் இரண்டுக்கும் இடைவெளி ஐந்து வீதத்துக்குள் இருக்கும்.

இடைவெளி பெரிதாக இருந்தால் காரணம் பெரும்பாலும் நாலில் ஒன்று: பொயிங்க் அமைப்பில் சிபியு நேரத்தைக் குறைத்து வைத்திருப்பது, ரேம் போதாமல் ஹாட் டிஸ்க்கைத் தேய்ப்பது, வைரஸ் காவல் மென்பொருள் குறுக்கே நிற்பது, அல்லது யாரோ அதே கணினியில் வீடியோ பார்ப்பது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். சூட்டினால் வரும் மந்தம் இந்த இடைவெளியில் தெரியாது. புரொசசர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டால் அது முழு நேரமும் வேலை செய்வதாகத்தான் கணக்கு வரும், மெதுவாகச் செய்யும், அவ்வளவே. அதைப் பிடிக்க கோர் டெம்ப் அல்லது எச்டபிள்யூ மொனிட்டர் என்ற மென்பொருளைப் போட்டு, ஒவ்வொரு கோரின் (புரொசசருக்குள் தனித்தனியே கணக்குச் செய்யும் பகுதி) வெப்பநிலையையும் கிகாஹேர்ட்ஸ் அளவையும் பாருங்கள். லினக்ஸில் சென்சர்ஸ் என்ற கட்டளை போதும். ஐ5-2400 என்றால் எல்லாக் கோரும் ஓடும்போது 3.1 கிகாஹேர்ட்ஸுக்குக் கீழே போகக்கூடாது. ஐ3-2100க்கும் அதே 3.1. கோர் 2 டுவோ ஈ8400 என்றால் 3.0. முழுச் சுமையிலும் 1.6 என்று நின்றால் ஒன்றில் சூடு, இல்லையேல் விண்டோஸின் மின்திட்டம் பவர் சேவரில் கிடக்கிறது.

மின்சாரத்தை அளக்கத் தனிக் கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டு மின்மானி இலக்கமுறை வகை என்றால் அதன் முகத்தில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மினுங்கும். பக்கத்திலேயே ஓர் அலகுக்கு எத்தனை மினுக்கம் என்று அச்சிட்டிருக்கும், 1600 என்று வைத்துக்கொள்வோம். குளிர்சாதனப்பெட்டி, மின்விசிறி, விளக்கு எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் நிறுத்தி, கணினியை மட்டும் முழுச் சுமையில் ஓடவிட்டு, பத்து மினுக்கத்துக்கு எத்தனை விநாடி என்று கைப்பேசியில் பாருங்கள். 22,500ஐ அந்த விநாடியால் பிரித்தால் வாட் கிடைக்கும். 225 விநாடி எடுத்தால் 100 வாட். மானியில் 3200 என்று இருந்தால் 11,250ஐப் பிரியுங்கள். பிறகு பொயிங்க்கை நிறுத்திவிட்டு அதேபோல் இன்னொரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தக் கணக்குகள் உங்களுக்கு வைக்கும் மேலதிகச் செலவு.

சூடு: இந்த ஊரில் பாதி வேலை இதுதான்

மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் பகலில் அறைக்குள் 33, 34 பாகை சாதாரணம். 22 பாகை அறையில் 65இல் நிற்கும் புரொசசர் இங்கே எந்தப் பிழையும் இல்லாமலே 77க்குப் போகும். அதன்மேல் புழுதி. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோர வீடுகளில் உப்பு ஈரம் புழுதியோடு சேர்ந்து வெப்பத்தணிப்பானின் (ஹீட் சிங்க்) தகடுகளுக்கு நடுவே களிமாதிரி இறுகிக் கிடக்கும். ஊதினால் போகாது, தூரிகை வேண்டும்.

தேவையானவை: நட்சத்திர முனைத் திருப்பி, காய்ந்த பெயின்ட் தூரிகை ஒன்று, ஐசோபுரொப்பைல் அல்ககோல், பஞ்சு அல்லது நூல் உதிராத பழந்துணி, வெப்பப் பசைக் குழாய் ஒன்று, அழிறப்பர் ஒன்று, சிஆர்2032 நாணய பற்றரி ஒன்று. எல்லாமே கணினி திருத்தும் கடையிலும் மருந்துக் கடையிலும் கிடைப்பவை.

1. கணினியை நிறுத்தி, வயரைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்னேற்றம் இறங்கும்.

2. பெட்டியை முற்றத்துக்கு அல்லது விறாந்தைக்குக் கொண்டுபோய்ப் பக்கத் தகட்டைத் திறவுங்கள். விசிறி இதழை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் துடையுங்கள். ஊதும் கருவியால் விசிறியைச் சுழலவிட்டால் அதன் தாங்கி தேயும்.

3. இன்டெல் பெட்டிகளின் வெப்பத்தணிப்பானில் நாலு கறுப்புத் தள்ளு ஊசிகள் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் அம்புக்குறி. அம்பு காட்டும் பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுத்தால் விடும். ஏஎம்டி பெட்டியென்றால் கழற்றமுன் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். காய்ந்த பசை புரொசசரைக் கௌவிப் பிடித்திருக்கும், நேரே இழுத்தால் புரொசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளையும். மெல்ல இடவலமாகத் திருகி, வழுக்கி எடுக்க வேண்டும்.

4. பழைய பசையை அல்ககோலால் முழுதாகத் துடைத்து, புரொசசரின் நடுவில் ஒரு பயற்றம் விதையைவிடச் சற்றுப் பெரிய துளி மட்டும் வையுங்கள். விரலால் பூசவேண்டாம், அழுத்தத்தில் தானே பரவும். கூடப் போட்டால் நல்லது என்று நினைத்துத் தடிப்பாகப் பூசுவதுதான் நாம் அடிக்கடி காணும் பிழை. தடித்த பசை வெப்பத்தைக் கடத்தாமல் மறிக்கும்.

5. திரும்பப் பொருத்தமுன் நாலு ஊசியையும் முதல் இருந்த நிலைக்குத் திருப்புங்கள். எதிரெதிர் மூலைகளாக, டிக் என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். பிறகு பலகையின் பின்புறம் எட்டிப் பாருங்கள், நாலு ஊசியின் வெள்ளைக் கால்களும் விரிந்து வெளியே தெரியவேண்டும். மூன்று மட்டும் பிடித்து ஒன்று தொங்கினால் தணிப்பான் ஒரு பக்கம் தூக்கும், கணினியைப் போட்ட ஒரு நிமிடத்துக்குள் 90 பாகை ஏறும்.

6. ரேம் பலகைகளை எடுத்து அவற்றின் பொன்னிற முனைகளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் போடுங்கள். உப்புக் காற்றில் அந்த முனைகள் கறுத்து, இடைக்கிடை பிழையான விடைகளைத் தரும்.

முடித்த பின் ஒரு மணித்தியாலம் முழுச் சுமையில் ஓட்டி அளவெடுங்கள். 75 பாகைக்குக் கீழே நின்றால் அப்படியே ஓட்டலாம். 75க்கும் 85க்கும் இடையில் என்றால் சுமையைக் குறைக்க வேண்டும், எப்படி என்று கீழே வருகிறது. 85க்கு மேல் என்றால் நிறுத்திவிட்டு ஊசிகளையும் பசையையும் மறுபடி பாருங்கள்.

பெட்டி வைக்கும் இடமும் முக்கியம். கணினி மேசைகளில் கீழே பெட்டிக்கென்று பலகை அடித்த ஓர் அறை இருக்கும். பின்பலகை மூடியிருந்தால் பெட்டி தான் விட்ட வெக்கையையே திரும்ப இழுக்கும். அந்தப் பலகையைக் கழற்றுங்கள், இல்லையேல் பெட்டியை வெளியே எடுத்துச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். போர்த்திய துணியை ஓடும்போது கட்டாயம் எடுக்கவேண்டும். யன்னலோரம் வைத்தால் காற்று வரும் என்பது சரி, வாடை மழையில் சாரலும் வரும்.

ரேமும் கோர்களும்

கணினிக் கடையில் சிபியு என்றால் முழுப் பெட்டியைச் சொல்வார்கள். பொயிங்க் சிபியு என்று சொல்வது புரொசசரின் ஒவ்வொரு கோரையும், ஒரே கோர் இரண்டு வேலையைச் சேர்த்து ஓட்டும் இழை (த்ரெட்) இருந்தால் ஒவ்வோர் இழையையும். ஐ3-2100இல் இரண்டு கோர், நாலு இழை. பொயிங்க் அதை நாலாக எண்ணி நாலு வேலையை ஒன்றாக ஓட்டும். 4 ஜிபி ரேமில் விண்டோஸே கிட்டத்தட்ட இரண்டை எடுத்துக்கொள்ளும், மிச்சம் நாலு வேலைக்குக் காணாது. சில வேலைகளுக்குப் பக்கத்தில் வெயிட்டிங் ஃபார் மெமரி என்று வரும், அல்லது ஹாட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும்.

இரண்டு கோரில் நாலு வேலை ஓட்டுவதால் மொத்த விளைச்சல் இரு மடங்காகாது. இழைகளால் கிடைக்கும் மேலதிகம் வேலையைப் பொறுத்துப் பத்து முதல் முப்பது வீதம் வரைதான். ரேம் தேவையோ அப்படியே இரு மடங்கு. ஆகவே 4 ஜிபி ஐ3 என்றால் பாதிச் சிபியு, அதாவது இரண்டு வேலை மட்டும். 8 ஜிபி இருந்தால் நாலையும் விட்டுப் பார்க்கலாம்.

செலவழிக்கக் கொஞ்சப் பணம் இருந்தால் எங்கள் தெரிவு ஒன்றுதான்: ஒரு பலகை இருக்குமிடத்தில் அதே அளவான இரண்டாவது டிடிஆர்3 பலகை. அதை ஒரே நிறத் துளையில், முதல் பலகையின் சோடியாகப் போடுங்கள். ரேம் கூடுவதோடு புரொசசர் இரண்டு வழியாகத் தரவை எடுக்கத் தொடங்கும். போட்டபின் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸை ஓர் இரவு ஓடவிட்டு ஒரு பிழையும் வராததை உறுதிசெய்யுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்தப் பலகை ஆராய்ச்சிக் கணக்குக்கு ஆகாது.

எஸ்எஸ்டி போட்டால் கணினி சட்டென்று திறக்கும், வீட்டாருக்குச் சந்தோஷம். ஆனால் கணக்கு வேகம் கூடாது. பழைய கிராபிக்ஸ் அட்டையும் அப்படித்தான். ஜிடி 710 போன்றவை மிக மெதுவானவை, இரண்டாம் தலைமுறை இன்டெல்லின் உள் கிராபிக்ஸ் இந்த வேலைக்கு உதவவே உதவாது. அக்டிவிட்டி மெனுவில் ஜிபியுவை (கிராபிக்ஸ் கணக்கு) நிறுத்திவிடுங்கள்.

இயங்குதளம் 32 பிட் என்றால் முதலில் அதை மாற்றுங்கள். பல திட்டங்கள் 32 பிட்டுக்கு வேலையே தருவதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. இந்தப் பெட்டிகள் விண்டோஸ் 11க்குத் தகுதியில்லாதவை என்பதால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நல்ல தெரிவு. ரேமும் குறைவாகத்தான் தின்னும். லினக்ஸில் புரொசசரின் பாதுகாப்புத் திருத்தங்களை அணைத்தால் வேகம் கூடும் என்று சொல்வார்கள். வங்கிக் கணக்குத் திறக்கும் வீட்டுக் கணினியில் அதைச் செய்யவேண்டாம்.

எந்தத் திட்டம்

பழைய பெட்டிக்குத் திட்டத்தைத் தெரியும்போது கெடு, ரேம், சூடு என்ற மூன்றைப் பாருங்கள். புள்ளியைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு திட்டமும் ஒவ்வொரு மாதிரிப் புள்ளி கொடுக்கும்.

ஐன்ஸ்டைன் அட் ஹோமில் பல வேலைகளுக்கு 14 நாள் கெடு. இரவில் மட்டும் ஓடும் பெட்டிக்கு இதுதான் நாம் முதலில் சொல்லும் இடம். ரோசெட்டா அட் ஹோம் புரத அமைப்புகளை ஆராயும் வொஷிங்டன் பல்கலைக்கழகத் திட்டம். அங்கே கெடு மூன்று நாள், ஒரு வேலை வழக்கமாக எட்டு மணித்தியாலம் ஓடும், ரேமும் கூடத் தின்னும். 4 ஜிபி பெட்டியில் ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் விடவேண்டாம். வேலை விட்டுவிட்டுத்தான் வரும் என்பதால் இதை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. பிரைம்கிரிட் பகா எண்களைத் தேடுவது. புரொசசரை மற்ற எதையும்விடக் கூடச் சூடாக்கும், புதிய கட்டளைத் தொகுப்புகள் இல்லாத பழைய புரொசசரில் மிக மெதுவாகவும் ஓடும். கச்சான் காலத்தில் தவிருங்கள். எல்எச்சி அட் ஹோமின் சில வேலைகளுக்கு வேர்ச்சுவல்பொக்ஸ் வேண்டும், ரேமும் கூட வேண்டும், 8 ஜிபிக்குக் கீழே அந்த வகை வேலைகளைத் திட்டப் பக்கத்தில் நீக்கிவிடுங்கள். காலநிலையைக் கணிக்கும் கிளைமேட்பிரடிக்‌ஷன் திட்டத்தின் வேலைகள் நாட்கணக்கில் ஓடும், முடிவில் பெரிய கோப்புகளைப் பதிவேற்றும். மின்தடையும் டேட்டா அளவும் யோசிக்கும் வீட்டுக்குப் பொருந்தாது.

பொயிங்க்குக்கு வெளியே ஃபோல்டிங் அட் ஹோம் இருக்கிறது. நல்ல திட்டம், ஆனால் விரைவாகத் திருப்பி அனுப்புவோருக்கே கூடுதல் புள்ளி கொடுக்கும் முறை அது. பழைய பெட்டிக்குப் பொயிங்க்கே தோது.

ஒன்று அல்லது இரண்டு திட்டம் போதும். ஐந்தாறு திட்டத்தில் சேர்ந்தால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வேலையை இறக்கிக் கெடுவுக்குத் தள்ளுப்படும். இரண்டாவது திட்டத்தின் ரிசோர்ஸ் ஷேரை (வேலைப் பங்கு) பூச்சியம் என்று வைத்தால் முதல் திட்டத்தில் வேலை இல்லாதபோது மட்டும் அதிலிருந்து எடுக்கும்.

அமைப்புகள்

ஆப்ஷன்ஸ் மெனுவில் கம்ப்யூட்டிங் பிரெஃபரன்சஸைத் திறவுங்கள்.

முதலாவது, எத்தனை வீதம் சிபியு என்பது. இரண்டாவது, சிபியு நேரத்தில் எத்தனை வீதம் என்பது. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றல்ல. சூட்டைக் குறைக்கப் பலர் இரண்டாவதை 60 என்று வைப்பார்கள். அப்படி வைத்தால் பொயிங்க் வேலைகளைச் சில விநாடி ஓட்டிச் சில விநாடி நிறுத்தும். விசிறி ஏறி இறங்கும், வெப்பநிலை வாள்பல் மாதிரி மேலும் கீழும் போகும். அதை 100இல் வைத்துவிட்டு முதலாவதை மட்டும் மாற்றுங்கள். நாலு கோர் ஐ5 என்றால் 75, அதாவது மூன்று வேலை.

அதற்கும் முன் செய்யவேண்டிய ஒன்று உண்டு. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸின் மேலதிக அமைப்பில் மேக்சிமம் புரொசசர் ஸ்டேட் என்பதை 99 ஆக்குங்கள். ஐ5இல் டர்போ, அதாவது புரொசசர் தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் வசதி, நின்றுவிடும். 3.1இலேயே ஓடும், மின்னழுத்தம் இறங்கும், நாலைந்து பாகை குறையும். இழக்கும் வேகம் சொற்பம். ஐ3-2100இல் டர்போவே இல்லாததால் இதனால் பயனில்லை.

எல்லாக் கோரையும் குறைந்த நேரம் ஓட்டுவதா, ஒன்றை நாள் முழுக்க ஓட்டுவதா என்று பலர் கேட்பதுண்டு. உதாரணத்துக்கு, நாலு வேலை சேர்ந்து 6 மணித்தியாலத்தில் 110 வாட்டில் முடிந்தால் 660 வாட் மணி, வேலைக்கு 165. ஒரேயொரு வேலையை மட்டும் ஓட்ட அது ஐந்தரை மணித்தியாலத்தில் 68 வாட்டில் முடிந்தால் 374. பலகை, டிஸ்க், விசிறி, மின்வழங்கி எல்லாம் தின்னும் மின்சாரம் ஒரு வேலைக்கும் நாலு வேலைக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. இதற்காக மட்டும் கணினியைப் போடுகிறீர்களென்றால் சூடு இடங்கொடுக்கும் அளவுக்கு எல்லாக் கோரையும் போட்டு, நேரத்தைக் குறையுங்கள். வீட்டில் வேறு தேவைக்கு எப்படியும் ஓடும் கணினியென்றால் மேலதிக வாட்டை மட்டும் கணக்கிட்டால் போதும்.

வேலைச் சேமிப்பை, அதாவது முன்கூட்டியே இறக்கி வைக்கும் வேலையின் அளவை, முதல் இரண்டு வாரம் 0.1 நாள், மேலதிகம் 0.1 நாள் என்று வையுங்கள். உங்கள் பெட்டி எவ்வளவு மெதுவானது, நாளில் எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது என்பது பொயிங்க்குக்கு இன்னும் தெரியாது. முதல் நாளே இரண்டு நாள் வேலை கேட்டால் ஒரு கிழமைக்கான வேலையை இறக்கி வைத்துவிட்டுக் கெடுவைத் தவறவிடும். பழகியபின் இணையம் அறுந்து அறுந்து வரும் வீடுகளில் ஒரு நாள் வரை உயர்த்தலாம்.

செக்பாயின்ட் இடைவெளி, அதாவது செய்த வேலையை டிஸ்க்கில் சேமிக்கும் இடைவெளி, வழக்கமாக 60 விநாடி. பழைய ஹாட் டிஸ்க்குக்கு 300 நல்லது. மின்சாரம் அடிக்கடி போகும் வாரங்களில் 120க்கு இறக்குங்கள், போனால் இரண்டு நிமிட வேலைதான் போகும். இடைநிறுத்தும்போது வேலையை நினைவகத்தில் வைத்திரு என்ற பெட்டியில் சரி போடுங்கள். இல்லாவிட்டால் யாராவது சுட்டியைத் தொடும் ஒவ்வொரு முறையும் கடைசிச் செக்பாயின்ட்டிலிருந்து மறுபடி தொடங்கும். ரேம் மிகக் குறைவான பெட்டிக்கு மட்டும் இது ஒத்துவராது.

பொயிங்க்கின் படக் காட்சியுள்ள ஸ்கிரீன் சேவரை நீக்கித் திரையை வெறுமனே அணையவிடுங்கள். அழகான படம்தான், ஆனால் கணக்குக்குப் போகவேண்டிய கோரை அது எடுக்கும். கணினி தூங்கும் அமைப்பை நெவர் என்று மாற்றுங்கள். வைரஸ் காவலில் பொயிங்க்கின் தரவுக் கோப்புறையை விலக்குப் பட்டியலில் சேருங்கள். அது சி டிரைவில் புரோகிராம் டேட்டா என்ற மறைந்த கோப்புறைக்குள் இருக்கும்.

நேரமும் மின்கட்டணமும்

50 வாட் மேலதிகம், நாளுக்கு 10 மணித்தியாலம் என்றால் மாதம் 15 அலகு. 24 மணித்தியாலம் என்றால் 36 அலகு. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. நமது வீட்டுக் கட்டணம் படிமுறையானது. மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு கட்டண வரிசை, அதன்மேல் 90, 120, 180 என்று படிகள், நிலைக் கட்டணமும் சேர்ந்து ஏறும். 52 அலகில் நிற்கும் வீட்டில் 15 அலகு கூடுவதும், 100இல் நிற்கும் வீட்டில் 15 கூடுவதும் ஒன்றல்ல. கடைசி மூன்று பில்லையும் எடுத்து, எந்தப் படிக்குள் எத்தனை அலகு இடம் இருக்கிறது என்று பார்த்து, அதற்குள் மணித்தியாலத்தை அடக்குங்கள்.

நேரம் சார்ந்த கட்டணத்துக்குப் பதிந்த வீடுகளுக்கு மாலை 6.30 முதல் 10.30 வரை உச்ச நேரம், இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு நேரம். சாதாரணக் கட்டண வீட்டுக்கு எந்த மணியும் ஒரே விலைதான். என்றாலும் இரவே நல்லது, அறை ஐந்தாறு பாகை குளிர்ந்திருக்கும், கணினியும் யாருக்கும் வேண்டியிராது. பிரெஃபரன்சஸில் டெய்லி ஷெட்யூல்ஸ் பக்கத்தில் 22:30 முதல் 5:30 வரை என்று போடுங்கள், நள்ளிரவைத் தாண்டும் நேரத்தையும் அது ஏற்கும். டேட்டாவில் இரவுப் பங்கு கிடைக்கும் பக்கேஜ் என்றால் வலையமைப்பு நேரத்தையும் அதே பக்கத்தில் கட்டுப்படுத்தலாம். கூரையில் சூரியத் தகடு போட்ட வீட்டுக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே பகலில் ஓட்டினாலும் பொருந்தும், சூடு 75க்குள் நின்றால்.

மின்சாரம் போய்த் திரும்பும்போது முதல் சில நிமிடம் அழுத்தம் ஏறி இறங்கும். பயாஸில் மின்சாரம் வந்ததும் தானே தொடங்கும் அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் பொறுத்துக் கையால் போடுங்கள். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி மின்னலுக்குக் கணினியின் வயரோடு ரவுட்டரின் வயரையும் கழற்றவேண்டும். பல பலகைகள் எரிவது தொலைபேசிக் கம்பிவழி வரும் மின்னலால்.

அடிக்கடி வரும் கோளாறுகள்

திட்டத்தோடு தொடர்புகொள்ள முடியவில்லை, ஆனால் கைப்பேசியில் இணையம் நன்றாக இருக்கிறது. முதலில் கணினியின் திகதியைப் பாருங்கள். பலகையிலுள்ள சிஆர்2032 பற்றரி செத்திருந்தால் ஒவ்வொரு மின்தடைக்கும் பிறகு திகதி பல வருடம் பின்னே போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ்கள் ஒத்துவராமல் தொடர்பு மறுக்கப்படும். பற்றரியை மாற்றித் திகதியைச் சரிசெய்தால் தீர்ந்தது. பழைய பெட்டியில் மணிக்கணக்கில் வேறெங்கோ தேடவைக்கும் கோளாறு இது.

வேலை வரவேயில்லை. டூல்ஸ் மெனுவில் ஈவன்ட் லொக்கைத் திறந்து சிவப்பு எழுத்தில் வந்ததை வாசியுங்கள். இத்தனை எம்பி ரேம் வேண்டும், இத்தனைதான் இருக்கிறது என்றோ டிஸ்க்கில் இடமில்லை என்றோ நேரடியாகச் சொல்லும். ரேம் என்றால் பிரெஃபரன்சஸில் பாவனையில் இல்லாதபோது 90 வீதம் வரை அனுமதியுங்கள்.

விடைகள் தொடர்ந்து இன்வேலிட் (செல்லாதவை) ஆகின்றன. மென்பொருளில் தேடவேண்டாம். சூடு, ரேம், மின்வழங்கி என்ற ஒழுங்கில் பாருங்கள். பலகையில் புரொசசரைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளின் தலை தட்டையாக இருக்கவேண்டும். உப்பியிருந்தாலோ கபில நிறம் கசிந்திருந்தாலோ அந்தப் பலகையை முழுச் சுமையில் ஓட்டாதீர்கள்.

நிறுத்த முடிவெடுத்தால், அல்லது வெக்கை குறையும்வரை இரண்டு மாதம் ஓய்வு கொடுக்க நினைத்தால், சட்டென்று மென்பொருளை அழிக்கவேண்டாம். உங்கள் பெட்டியில் கிடக்கும் துண்டுகள் கெடு முடியும்வரை வேறு யாருக்கும் போகாது, மற்றக் கணினியில் அதே துண்டை முடித்தவரும் காத்திருப்பார். புரொஜெக்ட்ஸ் பக்கத்தில் நோ நியூ டாஸ்க்ஸை அழுத்துங்கள். கையிலிருப்பதை முடியவிடுங்கள். கெடுவுக்குள் முடியாது என்று தெரிந்த வேலைகளை அபோர்ட் செய்யுங்கள், அவை உடனே வேறொருவருக்குப் போகும். டாஸ்க்ஸ் பக்கம் வெறுமையானதும் அப்டேட்டை ஒருமுறை அழுத்தி, கடைசி அறிக்கை போனதை ஈவன்ட் லொக்கில் பார்த்துவிட்டுக் கணினியை நிறுத்துங்கள்.